உம்மும்மா சொன்னார்கள் என்று எழுதிய பையனுக்கு ஒரு கடிதம்



கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போல வரலாறுதான். ஆனால் இந்த முறை என்னைப் பற்றிய வரலாறும் கொஞ்சம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தேன். என் லாத்தாவின் பேத்தி போன் செய்தாள். எம்.ஏ. வரலாறு கடைசி வருடம். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை. நம் கடற்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரைவை நூலகத்தில் உள்ள மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 43 சதவீதம் மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்துவிட்டது. "இதை இப்படியே சமர்ப்பித்தால் ஒரு வருடம் போய்விடும், திருப்பிக் கொண்டுபோய் எழுதி வா" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"நான் திருடலை அப்பா. புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினேன்" என்றாள். (வெளியூர் மாணவர்களுக்கு: எங்களூரில் தாத்தாவைத்தான் அப்பா என்போம். வாப்பா வேறு, அப்பா வேறு.) நான் ஆறுதல் சொல்வதற்குள் அடுத்த வார்த்தை வந்தது. "நீங்கதானே அப்பா சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்தீங்க, புத்தகத்தில் இருக்கிற மாதிரி அப்படியே எழுதணும்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குக் கடற்கரைக்கும் போகவில்லை.

அவள் சொன்னதில் பொய் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் பிள்ளைகளுக்கு நான் சொன்ன வாக்கியம் அதுதான். "ஒரு எழுத்து மாறக்கூடாது." அப்படியே எழுதியவனுக்கு ஐந்துக்கு ஐந்து. பத்துப் பன்னிரண்டு வருடம் எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ, கல்லூரி வாசலைத் தாண்டியதும் அதற்கே தண்டனை. நடுவில் யாரும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இங்கே சட்டம் வேறு" என்று சொல்வதில்லை. இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. பம்பாயும் கல்கத்தாவும் அதே வருடம். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தவை. முதலில் அவை பாடம் நடத்தவே இல்லை. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. பட்டம் கிடைத்தால் அரசாங்க உத்தியோகம். தேர்வு ஒன்றே வாசல் என்றால், வாசலைத் திறக்கிற சாவியைத்தானே எல்லோரும் தேடுவார்கள்? மனப்பாடமும் நோட்ஸ் புத்தகமும் சாவியாயின. கர்சன் பிரபு காலத்தில், 1902இல், ஒரு பல்கலைக்கழகக் குழு அமைத்தார்கள். பாடத்துக்காகத் தேர்வு என்று இருக்க வேண்டியது போய், தேர்வுக்காகப் பாடம் என்று ஆகிவிட்டது, இந்தக் கல்விமுறையின் பெரிய கேடே இதுதான் என்று அந்தக் குழு எழுதியது. 120 வருடம் ஆகிறது. நானும் அந்தக் கேட்டில் ஒரு சிறு பங்கு.

ஆனால் இதற்கு முன்னால் நம்மிடம் நேர்மை விதிகளே இல்லை, வெள்ளைக்காரன் வந்துதான் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தின் மரபியலிலேயே முதல்நூல், வழிநூல் என்ற பிரிவு இருக்கிறது. வழிநூல் என்றால் முன்னவர் நூலை வைத்துக்கொண்டு செய்வது. அதைச் சுருக்கலாம், விரிக்கலாம், இரண்டையும் கலந்து செய்யலாம், வேறு மொழியிலிருந்து பெயர்க்கலாம். அதாவது, இன்னொருவர் சொன்னதை எடுத்துக்கொள்வது நம் மரபில் குற்றமே இல்லை. எடுத்தேன் என்பதை மறைப்பதுதான் குற்றம். பிற்காலத்தில் வந்த பாட்டியல் நூல்கள் 'கள்ளக்கவி' என்று ஒரு பெயரே வைத்திருக்கின்றன. அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்கிறவன் கள்ளக்கவி. அவ்வளவு எளிய இலக்கணம். இன்றைய சட்டப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்.

தலைகீழான திருட்டும் உண்டு. தான் எழுதியதைப் பெரிய புலவர் தலையில் கட்டுவது. கம்பராமாயணத்துக்குள் வெள்ளியம்பலத் தம்பிரான் தன் பாடல்களைச் செருகினார் என்று சொல்லி, அப்படிச் சந்தேகப்பட்ட பாடல்களுக்கு 'வெள்ளி பாடல்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியது எல்லோருக்கும் தெரியும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருடைய பதிப்புகளின் முன்னுரையைப் படித்துப் பாருங்கள். எந்த ஏடு எந்த ஊரில் யார் கொடுத்தது என்று பெயர் பெயராக எழுதியிருப்பார். எங்கே பாடம் வேறுபடுகிறது என்று அடியில் குறித்திருப்பார். நன்றி சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்கிறவன் நினைத்தால் திரும்பப் போய்ச் சரிபார்க்கலாம் அல்லவா? அடிக்குறிப்பின் உண்மையான பயன் அதுதான்.

இனி நம்மூருக்கு வருகிறேன். நம்மூர் மதரஸாக்களில் ஓதி முடித்தவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்? 'ஸனது'. ஸனது வழங்கும் விழா என்று நோட்டீஸ் அடிப்போம், பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஸனது என்றால் சாய்ந்துகொள்கிற ஆதாரம். ஹதீஸ் கலையில் அது அறிவிப்பாளர்களின் தொடர். இதை நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் என்று மூலம் வரைக்கும் போகிற சங்கிலி. சங்கிலி அறுந்திருந்தால் செய்தி பலவீனம். பட்டத்துக்கும் சங்கிலிக்கும் ஒரே பெயர். உன் படிப்பு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தால்தான் நீ படித்தவன் என்பது அதற்குள் இருக்கிற பொருள்.

அந்தக் கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு குறை சொல்வார்கள். ஒருவர் தன் உஸ்தாதிடம் நேரில் கேட்காத ஒன்றை, நேரில் கேட்டதுபோலத் தோன்றும்படி சொல்வது. நடுவில் இருக்கிற ஆளை மறைத்துவிடுவது. சொன்ன செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வழியை மறைத்தது குறைதான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

பேத்தியின் வரைவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மூன்றாவது பக்கத்திலேயே கால்டுவெல் 1881 என்று அடிக்குறிப்பு. போன் போட்டுக் கேட்டேன்.

"கால்டுவெல் புத்தகத்தைப் பார்த்தியாம்மா?"

"இல்லை அப்பா."

"பிறகு எப்படிப் பக்க எண் போட்டே?"

"ஒரு பழைய ஆய்வேட்டில் அப்படிப் போட்டிருந்தாங்க."

இதுதான் பிள்ளைகளே தத்லீஸ். அந்தப் பழைய ஆய்வேட்டுக்காரர் கால்டுவெல்லைப் பார்த்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அவர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் இவளும் தப்பு. நாளைக்கு இவளைப் பார்த்து எழுதுகிறவரும் தப்பு. மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. மனசுக்குத்தான் தெரியும். நடுவில் இருக்கிற ஆளையும் சேர்த்து, 'கால்டுவெல், இன்னாருடைய ஆய்வேட்டில் எடுத்தாண்டபடி' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அங்கே குற்றமே இல்லை.

எடுத்துக்கொண்டும் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு நம்மூரில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பாவையே சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டு. வித்ரிய்யா என்ற பழைய அரபுப் பாடலுக்கு அவர்கள் 'தக்மீஸ்' செய்தார்கள். தக்மீஸ் என்றால் ஐந்தாக்குவது. மூலத்தின் இரண்டு அடிகளை அப்படியே வைத்துக்கொண்டு, தன்னுடைய மூன்று அடிகளைச் சேர்ப்பது. கேட்கிறவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரியும். மூலப் புலவர் பெயரும் நிற்கிறது, அப்பாவின் பெயரும் நிற்கிறது. ஒரு நல்ல ஆய்வேடும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு அடி அவர்களுடையது, மூன்று அடி என்னுடையது என்று பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

பெயரைச் சொன்னால் மட்டும் போதுமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. கால்டுவெல்லையே எடுத்துக்கொள்கிறேன். நமக்குத் தெற்கே இடையன்குடியில் இருந்தவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கண்டுபிடித்தவர் யார் என்று நான் வகுப்பில் கேட்டால், "கால்டுவெல்" என்று எல்லோரும் கத்துவீர்கள். ஆனால் அதற்கு 40 வருடம் முன்னால், 1816இல், எல்லிஸ் என்ற சென்னை அதிகாரி, கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில் இதைச் சான்றுகளோடு எழுதிவிட்டார். அவர் 1819இல் ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்துபோனார். அவருடைய கைப்பிரதிகள் ஏலத்தில் போய், கடைசியில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று ஒரு கதையும் உண்டு.

கால்டுவெல் எல்லிஸை மறைத்தாரா? இல்லை. முதலில் இந்த நிலத்தைக் கீறியவர் எல்லிஸ்தான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவர் செய்தது சில சொற்களின் மிகச் சுருக்கமான ஒப்பீடு மட்டும் என்று அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டார். தாமஸ் டிரவுட்மன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2006இல் எழுதிய நூலில்தான் எல்லிஸுக்குரிய இடம் விரிவாகக் கிடைத்தது. கால்டுவெல்லின் உழைப்பு மலையளவு. அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எல்லிஸின் பெயரை அந்த ஒரு வரியில் சுருக்கியதால், நாங்கள் படித்த பாடத்திலும் நான் நடத்திய பாடத்திலும் எல்லிஸ் இல்லாமலே போனார். கடன் வாங்கியதை ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. தொகையையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

இப்போது இன்றைய சட்டம். பெற்றோர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கல்வி நேர்மைக்கென்று ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. முதுகலை ஆய்வேடு, எம்.ஃபில்., பிஎச்.டி., ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் இதற்குள் வரும். ஒத்துப்போகிற அளவு 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்தியதைக்கூட ஒரு வருடத்துக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஒருமுறை பிடிபட்டவர் மறுபடி செய்தால் அடுத்த படித் தண்டனை. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தாலும் பட்டத்தை நிறுத்திவைக்கலாம். ஆசிரியர்களுக்கும் தண்டனை உண்டு, சம்பள உயர்வு நிறுத்தம் வரைக்கும்.

எதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் விதி சொல்கிறது. மூலத்தின் பெயரோடு, அனுமதியோடு மேற்கோளாகக் கொடுத்தது, நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான கலைச்சொற்கள், யதேச்சையாக ஒத்துப்போகிற 14 சொற்கள் வரையிலான தொடர், இதெல்லாம் கணக்கில் வராது. ஆகவே அறிக்கையில் வருகிற எண்ணைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். எது எதனால் அந்த எண் வந்தது என்று வரி வரியாகப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இவை இந்த 2018 விதிக்குள் வரா. அவற்றுக்கு அந்தந்தக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள்தான். இளங்கலையில் சேருகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தங்கள் கல்லூரி விதியைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.

பிள்ளை மேல் புகார் வந்துவிட்டால்? துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என்று இரண்டு படி இருக்கிறது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகி, மேல்முறையீடு எல்லாம் முடிந்து, தன் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் தண்டனை என்று அதே விதியில் இருக்கிறது. அதனால் பயந்துபோய், கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட வேண்டாம். செய்தது தப்பு என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். செய்யாதது என்றால் குறிப்பேடு, பழைய வரைவுகள், கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். வரைவுகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததா, பிள்ளை எழுதியதா என்ற சந்தேகம் வேறு வந்துவிட்டது. அதற்கும் உங்கள் கையில் இருக்கிற நல்ல சாட்சி உங்கள் பழைய வரைவுதான்.

"இதெல்லாம் சின்ன விஷயம் சார், எல்லோரும் செய்வதுதானே" என்று சிலர் சொல்வீர்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வு ஞாபகம் இருக்கிறதா? ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள். நம் கடற்கரைதான். சிறிது நேரத்தில் மறைந்துபோகிற மையால் விடையைக் குறித்துவிட்டு வந்தார்கள். விடைத்தாள் சென்னைக்குப் போகிற வழியில் இடைத்தரகர்கள் சரியான விடையைக் குறித்துவிட்டார்கள் என்று தேர்வாணையமே அறிவித்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அந்த 99 பேரும் பள்ளிக்கூடத்தில் யாரோ ஓர் ஆசிரியரிடம் படித்தவர்கள்தான். மறைகிற மையை அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகளுக்கும் இதுவரை சொன்னதில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனது 1980 வாக்கில். இரண்டு வருடமும் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒன்று, ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பல வாரம் கவனித்து எழுதுகிற ஆய்வு. மூத்த மாணவர்களின் பழைய நோட்டு விடுதியில் கைமாறிக்கொண்டே இருக்கும். நானும் ஒன்றை வாங்கி ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். பையன் பெயரை மட்டும் மாற்றினேன். இடது கையால் எழுதுவான், தகப்பனுக்குப் பயப்படுவான், கணக்கில் பின்தங்கியவன் என்று அவர் எழுதியிருந்தது அத்தனையும் என் நோட்டிலும் இருந்தது. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அந்த ஆய்வில் நல்ல மதிப்பெண்.

வேலைக்கு வந்த முதல் வருடம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை. கரும்பலகையில் எழுதிப்போட்டதைத் தப்புத் தப்பாக எழுதுவாள். பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்ப்பாள். காப்பியடிக்கிறாய் என்று அவளை மாதக்கணக்கில் நிற்க வைத்திருக்கிறேன். பள்ளிக்கு ஒரு கண் மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குப் பலகையே தெரியவில்லை. ஒரு குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று கற்றுக்கொடுக்கத்தான் அந்த ஆய்வை வைத்திருந்தார்கள். நான் அதைக் காப்பியடித்துவிட்டு, காப்பியடித்தாள் என்று இவளை நிற்க வைத்தேன். காப்பியடித்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்தப் பெண்பிள்ளைதான்.

இரண்டாவது ஒன்றும் இருக்கிறது. 1990களின் நடுவில் இருக்கும். ஏழாம் வகுப்பு. பாண்டியர் கால வாணிகம் பற்றி ஒரு கேள்வி. எல்லோரும் புத்தகத்தில் உள்ள ஐந்து வரியை எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: அரபு நாட்டிலிருந்து நம்மூர்க் கரைக்குக் குதிரைகள் கப்பலில் வருமாம், இதை என் உம்மும்மா சொன்னார்கள், ஆனால் மார்க்கோ போலோ வந்தது நம்மூர் இல்லை, பழையகாயல் என்று எங்கள் மாமா சொல்கிறார், எது சரி என்று தெரியவில்லை.

நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். ஐந்துக்கு இரண்டு. ஓரத்தில், 'உம்மும்மா கதை வேண்டாம், புத்தகத்தில் உள்ளதை எழுது' என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். அந்த வகுப்பில் ஆய்வாளன் என்று ஒருவன் இருந்தான் என்றால் அவன்தான். யார் சொன்னது என்று பெயரோடு சொன்னான். உம்மும்மா ஒரு ஆதாரம், மாமா ஒரு ஆதாரம். இரண்டும் முரண்படுகிறது என்பதை மறைக்காமல் வைத்தான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதினான். அவனுடைய மாமா சொன்னதும் வெறும் பேச்சு அல்ல. மார்க்கோ போலோ சொல்கிற காயல், தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல்தான், நம்மூர் அல்ல என்று கால்டுவெல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு 1870களிலேயே எழுதியிருக்கிறார். நம்மூர்க்காரர்களில் அதை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு இந்த விவாதம் அப்போதே தெரியும். ஊர்ப் பெருமைக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்று வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. எதிர்ச்சான்றை மறைப்பதும் நேர்மைக் குறைவுதான். அதற்கு எந்த மென்பொருளும் சதவீதம் போடாது.

அந்தப் பையன் இப்போது வளைகுடாவில் இருப்பதாகக் கேள்வி. இந்தக் குழுவில் இருக்கிறானா என்று தெரியாது. தம்பி, நீ இதைப் படித்தால், அந்த மூன்று மதிப்பெண்ணை இப்போது போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். சிரிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

பேத்தி விஷயத்தை முடிக்கிறேன். உட்கார்ந்து மறுபடி எழுதச் சொன்னேன். முதலில் புத்தகத்தைப் படி, பிறகு மூடி வை, பிறகு உன் வார்த்தையில் எழுது, எழுதியதும் திறந்து சரிபார், அந்த இடத்திலேயே பக்க எண்ணைக் குறி என்றேன். அப்படியே வேண்டிய வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பெயர் எழுது என்றேன். ஜேம்ஸ் ஹார்னெல் 1922இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியது இணையத்திலேயே கிடைத்தது. இந்த முறை உண்மையாகவே படித்தாள். எடுத்த சிப்பியில் குளியாளிக்கு ஒரு பங்கு, அரசாங்கத்துக்கு மீதி, அரசாங்கப் பங்கை ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் திறக்காமலே ஏலம் விடுவது என்று ஒவ்வொன்றையும் எனக்குப் போனில் சொல்லிச் சொல்லி வியந்தாள். அடுத்தவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்து எழுதியபோது இதே செய்தி அவள் வரைவில் இருந்தது. அப்போது அவளுக்கு அது ஞாபகமே இல்லை!

அதோடு நிற்கவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிக் குளிப்புகளில் கடலுக்குள் போன ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து, இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். எண்பது வயதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம். கல்லைக் காலில் கொக்கிப் போல மாட்டிக்கொண்டு இறங்குவதை நாற்காலியில் இருந்தே செய்து காட்டினாராம். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாள். அந்த அத்தியாயம் எந்த ஆய்வேட்டோடும் ஒத்துப்போகாது. ஏனென்றால் அவரிடம் போய் யாரும் கேட்கவில்லை.

போன வாரம் சமர்ப்பித்துவிட்டாள். ஒப்புமை 8 சதவீதம். அதைவிட எனக்கு மகிழ்ச்சி, நன்றியுரையில் என்னைப் பற்றி அவள் எழுதியிருந்தது: 'அப்படியே எழுது என்று சொல்லிக்கொடுத்து, பிறகு அப்படி எழுதாதே என்று சொல்லிக்கொடுத்த என் அப்பாவுக்கு.' லாத்தா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் வகுப்பிலிருந்தே, பத்துக் கேள்வியில் ஒன்றாவது, "உன் சொந்த வார்த்தையில் எழுது, யாரிடம் கேட்டாய் என்றும் எழுது" என்று வையுங்கள். ஒரு பிள்ளை உம்மும்மா சொன்னார்கள் என்றோ ஆச்சி சொன்னாள் என்றோ எழுதினால், சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு முழு மதிப்பெண் போடுங்கள்.

கடைசியாக, எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. குழுவில் வருகிற நல்ல செய்திகளை யார் எழுதியது என்று பார்க்காமல் அப்படியே தள்ளிவிடுவேன். இனிமேல் எழுதியவர் பெயர் இல்லாத எதையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இந்தப் பதிவில் தப்பு ஏதாவது இருந்தால் உரிமையோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
காயல்பட்டினம்.